காக்கை உட்கார, பனம்பழம் விழ: புரத மோட்டிஃப் தேடும் அல்காரிதங்கள்

உயிர்த்தகவலியல் படிக்கும் மாணவர்கள் மத்தியில் சில ஆண்டுகளாக ஒரு பேச்சு உலவுகிறது. "ஆல்ஃபாஃபோல்டு வந்தாச்சு. புரதத்தோட வடிவம் எல்லாம் தெரிஞ்சாச்சு. இனிமே மோட்டிஃப் தேடறதுக்கு அல்காரிதம் படிச்சு என்ன ஆகப்போகுது? வெப்சைட்டுல போட்டா பதில் வந்துடும்."

இந்தப் பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1971-ல் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்த வடிவங்கள் மொத்தம் 7. எக்ஸ்-கதிர், என்.எம்.ஆர்., எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்று ஆய்வகங்களில் ஆயிரக்கணக்கானோர் பாடுபட்டு, அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்ட 2023 ஜனவரி ஆனது. ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளமோ 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்பு வடிவங்களை ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்டியது. 2024-ல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. இத்தனைக்கும் பிறகு 'வேலை முடிந்தது' என்று தோன்றுவது இயல்புதான்.

இயல்பு, ஆனால் தப்பு. ஒரு புரதத்தின் வடிவம் தெரிவது ஒன்று, அது உடலில் என்ன வேலை செய்கிறது என்று தெரிவது வேறு. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் மோட்டிஃப் தேடும் அல்காரிதங்களின் வேலை. அந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்காமலே ஏறி நடக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நிரல் 'பொருந்துகிறது' என்று சொன்ன மாத்திரத்தில் அதைக் 'கண்டுபிடிப்பு' என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதுவது, பிறகு ஆய்வுக்கட்டுரையில் எழுதுவது, கடைசியில் தரவுத்தளத்திலேயே ஏற்றிவிடுவது... இது ஒரு கெட்ட பழக்கம். வடிவங்கள் ஆயிரம் மடங்கு பெருகியிருக்கும் காலத்தில் இது ஆபத்தான பழக்கமும்கூட.

முதலில், மோட்டிஃப் என்றால் என்ன?

20 வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலிதான் புரதம். அந்தச் சங்கிலி சும்மா நீளமாகக் கிடப்பதில்லை. சுருண்டு, மடிந்து ஒரு வடிவம் எடுக்கிறது. திருகுபோல் சுருண்ட பகுதி ஆல்ஃபா ஹெலிக்ஸ். நீண்டு, பக்கத்தில் பக்கம் அடுக்கியது பீட்டா ஷீட். கோலம் போடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கோலங்கள் ஆயிரம் இருந்தாலும் அவற்றில் வரும் வளைவுகளும் சுழிகளும் சிலவேதான். அதுபோல, வெவ்வேறு புரதங்களில் திரும்பத் திரும்ப வரும் சிறு அமைப்புகள்தான் மோட்டிஃப்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே சொல்லை மூன்று வேறு சங்கதிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, எழுத்து மோட்டிஃப். சங்கிலியில் எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது வருகிறது என்ற வரிசை. 1985-ல் ஆரன் க்ளூக் குழுவினர் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் புரதத்தில், இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் துண்டு ஒன்பது முறை அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். அந்த நான்கும் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. ஜிங்க் ஃபிங்கர் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான்.

இரண்டு, அமைப்பு மோட்டிஃப். எந்த அமினோ அமிலம் என்பதைவிட ஹெலிக்ஸும் ஷீட்டும் எப்படி அடுத்தடுத்து நிற்கின்றன என்பது இதில் முக்கியம். டி.என்.ஏ.வைப் பிடிக்கும் 'ஹெலிக்ஸ்-திருப்பம்-ஹெலிக்ஸ்', கால்சியத்தைப் பிடிக்கும் 'ஈஎஃப்-ஹேண்ட்' ஆகியவை இந்த வகை.

மூன்று, அணு மோட்டிஃப். சங்கிலியில் எங்கெங்கோ இருக்கும் மூன்று நான்கு அமினோ அமிலங்கள், மடிப்பு முடிந்தபின் ஒரே இடத்தில் கூடி நிற்பது. செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்து மற்றப் புரதங்களை வெட்டும் அமைப்பு இதற்குப் பேர்போன உதாரணம்.

மூன்றையும் தேடும் அல்காரிதங்கள் வேறு வேறு. அவை ஏமாற்றும் விதங்களும் வேறு வேறு.

எழுத்தைத் தேடினால்...

புரோசைட் தரவுத்தளத்தின் முதல் பதிவையே எடுத்துக்கொள்ளலாம். புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் இடத்துக்கான எழுத்து மோட்டிஃப் அது. விதி இவ்வளவுதான்: முதலில் அஸ்பராஜின், அடுத்தது புரோலின் தவிர எதுவும், அடுத்தது செரின் அல்லது த்ரியோனின், அடுத்தது மறுபடியும் புரோலின் தவிர எதுவும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரதங்களில் அஸ்பராஜின் சுமார் 4 சதவீதம். செரினும் த்ரியோனினும் சேர்ந்து சுமார் 12 சதவீதம். புரோலின் அல்லாதவை சுமார் 95 சதவீதம். நான்கு இடங்களின் வாய்ப்பையும் பெருக்கினால் ஏறக்குறைய 0.0043 வரும். 300 அமினோ அமில நீளமுள்ள சங்கிலியில் இந்த மோட்டிஃப் சராசரியாக 1.3 முறை வரவேண்டும். எழுத்துக்களைக் குலுக்கிப் போட்டு ஒரு போலிப் புரதம் செய்தாலும் அதே 1.3 முறை வரும்! ஈ.கோலை பாக்டீரியாவின் இயல்பான செல்லில் இந்தச் சர்க்கரை ஒட்டும் வேலையே நடப்பதில்லை. அதன் புரதங்களைத் தேடலில் போட்டாலும் நிரல் பொருத்தங்களை வரிசையாகக் கொடுக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது இதுதான்.

'அது ரொம்பச் சின்ன மோட்டிஃப், அதனால் அப்படி' என்று சொல்லலாம். சரி, கொஞ்சம் பெரியதைப் பார்க்கலாம். 1982-ல் ஜான் வாக்கர் குழு அடையாளம் காட்டிய, ஏ.டி.பி.யைப் பிடிக்கும் பி-லூப். அலனின் அல்லது கிளைசின், பிறகு ஏதாவது நான்கு, பிறகு கிளைசின், லைசின், அடுத்து செரின் அல்லது த்ரியோனின். எட்டு இடம் நீளம். கறாரான விதிபோல்தான் தெரிகிறது. ஈ.கோலையில் சுமார் 4,300 புரதங்கள், மொத்தம் ஏறக்குறைய 13 லட்சம் அமினோ அமில இடங்கள். அதன் அமினோ அமில விகிதங்களை வைத்துத் தோராயமாகப் பெருக்கினால், தற்செயலாகவே சுமார் 80 இடங்களில் இந்த மோட்டிஃப் வரும். உண்மையான பி-லூப் புரதங்களோடு இந்த எண்பதும் கலந்துதான் பட்டியலில் நிற்கும். எது அசல், எது போலி என்று எழுத்துக்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் துண்டு ஒரு பீட்டா இழைக்கும் ஆல்ஃபா ஹெலிக்ஸுக்கும் நடுவே வளைந்து நிற்கிறதா என்று வடிவத்தைப் பார்த்தால்தான் போலிகளைக் கழிக்கலாம்.

வடிவத்தைத் தேடினால்...

இங்கேதான் ஆல்ஃபாஃபோல்டு ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள். "அதைத்தானே சொல்றோம்! வடிவம் கையில இருக்கு, ஒப்பிட்டுப் பார்த்தா போச்சு."

வடிவ ஒப்பீட்டு நிரல்கள் நிறையவே இருக்கின்றன. 1993-ல் லீசா ஹோம், க்ரிஸ் சாண்டர் இருவரின் டாலி, 1998-ல் சி.இ.; 2005-ல் டி.எம்.-அலைன். டாலி ஒவ்வொரு புரதத்தையும் தூர அட்டவணையாக மாற்றுகிறது. சங்கிலியின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் இடையே எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்ற அட்டவணை அது. பிறகு இரண்டு அட்டவணைகளில் ஒத்த துண்டுகளைத் தேடிக் கோக்கிறது. 2023-ல் வெளியான ஃபோல்ட்சீக் இன்னும் சாமர்த்தியமானது. ஒவ்வோர் அமினோ அமிலமும் தன் அண்டை அயலோடு எப்படி நிற்கிறது என்பதை 20 எழுத்துக்களில் ஒன்றாக மாற்றிவிடுகிறது. வடிவம் எழுத்தாகிவிட்டால் எழுத்துத் தேடலின் வேகம் கிடைத்துவிடும். டாலியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம். அருமையான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் இவை எல்லாம் ஒப்பிடுவது மொத்த மடிப்பை. மொத்த மடிப்பு ஒத்துப்போனால் வேலையும் ஒன்றாக இருக்கும் என்பது பாதி உண்மை.

முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைமையும் பாலில் இருக்கும் ஆல்ஃபா-லாக்டால்புமினையும் பாருங்கள். வரிசையில் சுமார் 40 சதவீத ஒற்றுமை. மடிப்போ அச்சில் வார்த்ததுபோல் ஒன்று. எந்த ஒப்பீட்டு நிரலும் இரண்டையும் சகோதரர் என்றுதான் சொல்லும். பரிணாமப்படி அது சரியும்கூட. ஆனால் லைசோசைம் பாக்டீரியாவின் செல் சுவரை வெட்டும் என்சைம். ஆல்ஃபா-லாக்டால்புமின் எதையும் வெட்டுவதில்லை. பால் சர்க்கரை உருவாக வேறொரு என்சைமுக்குத் துணை நிற்பதுதான் அதன் வேலை. லைசோசைமின் வெட்டும் வேலைக்கு உயிராக இருக்கும் 35-ஆவது இடத்துக் குளுட்டாமிக் அமிலம் அதில் இல்லை. மொத்த மடிப்பைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஓர் இடம் கண்ணில் படாது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. விலங்குகளின் குடலில் வேலை செய்யும் கைமோட்ரிப்சின் இரண்டு பீட்டா பீப்பாய்களால் ஆனது. பேசில்லஸ் பாக்டீரியாவின் சப்டிலிசின் ஹெலிக்ஸும் ஷீட்டும் கலந்த, முற்றிலும் வேறு மடிப்பு. மடிப்பை ஒப்பிடும் நிரல் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும். ஆனால் இரண்டிலும் அதே செரின்-ஹிஸ்டிடின்-அஸ்பார்டிக் அமிலம், அதே கோணத்தில், அதே தூரத்தில், அதே வெட்டும் வேலை! கைமோட்ரிப்சினில் அவை சங்கிலியின் 57, 102, 195-ஆவது இடங்களில் ஹிஸ்டிடின், அஸ்பார்டிக், செரின் என்று வருகின்றன. சப்டிலிசினில் 32, 64, 221-ல் அஸ்பார்டிக், ஹிஸ்டிடின், செரின். வரிசையே மாறிவிட்டது. இயற்கை ஒரே தந்திரத்தை இரண்டு முறை தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. எழுத்துத் தேடலுக்கும் இது தெரியாது, மடிப்புத் தேடலுக்கும் தெரியாது. அணு மோட்டிஃப் தேடும் அல்காரிதத்துக்கு மட்டுமே தெரியும். 'பழைய சரக்கு' என்று தள்ளப்படுவது அதுதான்.

மூன்று புள்ளி, மூன்று தூரம்

சில அணுக்களின் கூட்டத்தை ஒரு பெரிய புரதத்துக்குள் தேடுவது கணினி அறிவியலில் பழகிய கணக்குத்தான். அமினோ அமிலங்களைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களைக் கோடுகளாகவும் வைத்தால் அது ஒரு வரைபடம். சின்ன வரைபடம் பெரிய வரைபடத்துக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கேள்வி. 1976-ல் உல்மன் இதற்கு ஓர் அல்காரிதம் கொடுத்தார். அதைப் பயன்படுத்தி 1994-ல் ஷெஃபீல்டு குழுவினர் அஸ்ஸாம் என்ற நிரலைச் செய்தார்கள். 1997-ல் ஜேனட் தார்ன்டன் குழுவின் டெஸ், வடிவியல் ஹாஷிங் என்ற முறையில் அதே வேலையைச் செய்தது. 2020-ல் புரதத் தரவு வங்கிக்காரர்கள் புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவுபோல், 'இந்த ஜோடி இந்தத் தூரத்தில் எந்தெந்தப் புரதங்களில் இருக்கிறது' என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவைத்துத் தேடும் முறையை வெளியிட்டார்கள். இப்போது பதில் விநாடிகளில் வருகிறது.

வேகம் வந்துவிட்டது. நிதானம் வந்ததா?

மூன்று புள்ளிகளுக்கு இடையே மூன்று தூரங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று நிரலுக்குச் சலுகை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எதுவுமே பொருந்தாது. இந்தச் சலுகையை இரண்டு மடங்காக்கினால் தற்செயல் பொருத்தங்கள் எத்தனை மடங்காகும்? இரண்டு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று தூரத்துக்கும் இரண்டிரண்டு மடங்கு என்பதால், ஏறக்குறைய எட்டு மடங்கு. அதே நேரத்தில் தேடும் மாதிரியில் நான்காவது புள்ளி ஒன்றைச் சேர்த்தால் தூரங்கள் ஆறு ஆகிவிடும். இப்போது சலுகையைப் பாதியாகக் குறைத்தால் தற்செயல் பொருத்தம் 64-ல் ஒரு பங்காகச் சுருங்கும். இந்த வகையான கணக்கை ஸ்டார்க், சுன்யாயெவ், ரஸ்ஸல் மூவரும் 2003-லேயே ஒழுங்காகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் எத்தனை ப்ராஜெக்ட் அறிக்கைகளில் 'இந்தச் சலுகையில் தற்செயலாக இத்தனை வரும், கிடைத்தது இத்தனை' என்று இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கம் இருக்கின்றன? இரண்டாவது எண் மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. தூரங்களை மட்டும் பார்க்கும் அல்காரிதத்துக்கு இடது கையும் வலது கையும் ஒன்று. கண்ணாடியில் தெரியும் பிம்பத்திலும் தூரங்கள் அப்படியே இருக்கும் அல்லவா? உயிர் வேதியியலில் இடம் வலம் மாறினால் வேலையே நடக்காது. எனவே தூரத்தால் கிடைத்த ஒவ்வொரு பொருத்தத்தையும் மாதிரியின்மேல் வைத்துப் பார்த்து, பிம்பங்களைக் கழிக்க வேண்டும். எழுதியவருக்கு இது தெரிந்திருக்கும். பொத்தானை மட்டும் அழுத்துகிறவருக்கு?

கோடு போட்டது யார்?

அமைப்பு மோட்டிஃபைத் தேடும் நிரல்களுக்கு முதலில் ஹெலிக்ஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது 1983-ல் வொல்ஃப்காங் காப்ஷ், க்ரிஸ் சாண்டர் இருவரும் செய்த டி.எஸ்.எஸ்.பி. ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலை ஒரு எளிய சூத்திரத்தால் கணக்கிட்டு, அது மைனஸ் 0.5 கிலோகலோரிக்குக் கீழே போனால் பிணைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை என்று அது முடிவு செய்கிறது. மைனஸ் 0.49 என்றால் பிணைப்பு இல்லை, மைனஸ் 0.51 என்றால் உண்டு. இயற்கை அப்படி எந்தக் கோடும் போடவில்லை. வேலை நடப்பதற்காக மனிதர்கள் போட்ட கோடு அது.

வேறு கோடு போட்டால் வேறு விடை. 1993-ல் டி.எஸ்.எஸ்.பி., பி-கர்வ், டிஃபைன் என்ற மூன்று நிரல்களிடம் ஒரே புரதங்களைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். மூன்றும் ஒத்துப்போனது 63 சதவீத அமினோ அமிலங்களில் மட்டும். இத்தனைக்கும் இது கணிப்பு இல்லை. வடிவம் கையில் இருக்கிறது, அதற்குப் பெயர் வைப்பதில்தான் இந்தச் சண்டை! ஹெலிக்ஸ் முனைகளில் குழப்பம் அதிகம். 'ஹெலிக்ஸ்-திருப்பம்-ஹெலிக்ஸ்' மோட்டிஃபுக்கு அந்த முனைகள்தான் உயிர்நாடி.

ஆல்ஃபாஃபோல்டு வடிவங்களில் இதற்குமேல் இன்னொரு படி கவனம் தேவை. அது ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் தருகிறது. 90-க்கு மேல் என்றால் பக்கக் கிளைகளையும் நம்பலாம். 50-க்குக் கீழே என்றால் அந்தப் பகுதியின் வடிவத்தை நம்பவே கூடாது. அந்தத் தரவுத்தளத்தின் வடிவங்களில் துத்தநாகமோ கால்சியமோ வேறு துணை மூலக்கூறுகளோ கிடையாது. பக்கக் கிளையின் ஓர் ஆங்ஸ்ட்ராம் பிசகில் பொருத்தம் மாறிவிடும் தேடலை, மதிப்பெண்ணைப் பார்க்காமல் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது? விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுகிறார்கள்.

பயோஎச் சொல்லும் பாடம்

இதையெல்லாம் படித்துவிட்டு, மோட்டிஃப் தேடலே வீண் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் அது என்ன தரும் என்பதற்கு ஈ.கோலையின் பயோஎச் புரதம் நல்ல சாட்சி.

பயோட்டின் என்ற வைட்டமினை பாக்டீரியா தயாரிப்பதற்கு பயோஎச் தேவை என்று மரபியல் மூலம் முன்பே தெரியும். ஆனால் அது அங்கே என்ன செய்கிறது என்று தெரியாது. 2003-ல் அதன் வடிவத்தைக் கண்டறிந்தவர்கள், அணு மோட்டிஃப்களின் தொகுப்போடு அதை ஒப்பிட்டுத் தேடினார்கள். செரின் 82, ஹிஸ்டிடின் 235, அஸ்பார்டிக் அமிலம் 207 மூன்றும் அந்தப் பழைய வெட்டும் அமைப்பில் நின்றன. அங்கேயே நிறுத்தி, 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அவர்கள் எழுதிவிடவில்லை. ஆய்வகத்தில் பல வகைப் பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். எஸ்டர் பிணைப்பை வெட்டும் என்சைம் என்று உறுதியானது.

கதை அதோடும் முடியவில்லை. செல்லுக்குள் அது வெட்டும் எஸ்டர் எது? அதற்கு விடை 2010-ல்தான் வந்தது. ஜான் க்ரோனன் குழுவினர் உயிர்வேதியியல் சோதனைகள் மூலம், கொழுப்பமிலம் தயாரிக்கும் பாதையை பாக்டீரியா எப்படித் தற்காலிகமாகக் கடன் வாங்கி பயோட்டினுக்குத் திருப்பிவிடுகிறது என்று காட்டினார்கள். கடன் வாங்குவதற்காக ஒரு மெத்தில் குழுவை மாறுவேஷமாக ஒட்டுகிறது. வேலை முடிந்ததும் அந்த வேஷத்தைக் கலைப்பதுதான் பயோஎச்.

மோட்டிஃப் சொன்னது 'இது வெட்டும்' என்று. எதை வெட்டும், ஏன் வெட்டும் என்று சொல்லவில்லை. அது தெரிய இன்னும் ஏழு ஆண்டு ஆனது. மோட்டிஃப் தேடல் சரியான கதவைக் காட்டும், உள்ளே போய்ப் பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. கதவைக் காட்டியதற்கே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டதாக எழுதுவதுதான் பிரச்சினை.

தப்பாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?

'மாணவர் ப்ராஜெக்ட்தானே, போகட்டும்' என்று விட்டுவிடலாமா? தவறான பெயர் ஒரு முறை தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் அது அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த ஜீனோம் வரும்போது, 'இதுபோல் இருக்கிறதே' என்று அதே பெயரைப் புதிய புரதத்துக்கும் நிரல் வைக்கும். அதைப் பார்த்து இன்னொன்றுக்கு. ஊர் வதந்தி பரவுவதுபோலத்தான். முதலில் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஷ்னோஸ், பாட்ரிஷியா பாபிட் முதலியோர், நன்கு ஆராயப்பட்ட 37 என்சைம் குடும்பங்களை எடுத்து, பொதுத் தரவுத்தளங்களில் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் சரியா என்று சோதித்தார்கள். மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் சுவிஸ்-புராட்டில் பிழை ஏறக்குறைய இல்லை. தானாகப் பெயர் வைக்கும் பெரிய தரவுத்தளங்களில், குடும்பத் தொகுதியைப் பொறுத்துப் பிழை சராசரியாக 5 முதல் 63 சதவீதம் வரை இருந்தது. சில தொகுதிகளில் பாதிக்கு மேல் தப்பு! அந்தப் பெயரை நம்பி ஒரு மருந்து இலக்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஆய்வு மாணவர் மூன்று ஆண்டு உழைத்தால், அந்த மூன்று ஆண்டை யார் திருப்பித் தருவார்கள்?

"எல்லாவற்றையும் ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா? 20 கோடி இருக்கிறதே" என்று கேட்கலாம். முடியாதுதான். அதனால்தான் எதை முதலில் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கும் அல்காரிதம் நேர்மையாக இருக்க வேண்டும். தற்செயல் பொருத்தங்களைக் கழித்துக்கொடுத்தால் ஆய்வகத்தின் நேரம் மிச்சம். கழிக்காமல் கொடுத்தால் மூட்டை மூட்டையாகக் குப்பைதான் போய்ச் சேரும்.

"இயந்திரக் கற்றல் எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ளும், விதியும் கோடும் தேவையில்லை" என்பது அடுத்த வாதம். எதைப் பார்த்துக் கற்கும்? இதே தரவுத்தளங்களைப் பார்த்துத்தான். வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் தப்பைத்தான் சரளமாக ஒப்பிப்பான். விதியும் கோடும் உள்ள பழைய அல்காரிதத்தில் ஒரு வசதி உண்டு: எந்த மூன்று அணு, எவ்வளவு சலுகை என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்கும்.

ஆகவே கோரிக்கை பெரியது ஒன்றுமில்லை. 'இந்தப் புரதத்தில் இந்த மோட்டிஃப் இருக்கிறது' என்று எழுதும் ஒவ்வொருவரும் கூடவே மூன்று விஷயங்களை எழுத வேண்டும். தேடிய மாதிரியும் கொடுத்த சலுகையும் என்ன? அதே சலுகையில் சம்பந்தமில்லாத புரதங்களில் தேடினால் எத்தனை பொருத்தம் வருகிறது? வடிவத்துக்கு வெளியே ஏதாவது ஒரு சாட்சி உண்டா? உறவுப் புரதங்களிலும் அந்த இடங்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் சாட்சிதான், சோதனைக் குழாயும் சாட்சிதான். மூன்றும் இல்லாத அறிக்கையை வாங்கும் பேராசிரியர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இது முடியாத காரியம் என்று சொல்கிறவர்கள் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்க்கலாம். ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூடப் புரத வடிவங்கள் தெரிந்திராத காலம். எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று தாங்கள் வைத்துக்கொண்ட தூரங்களை அவர்கள் மறைக்கவில்லை. சாதாரணமாக ஒத்துக்கொள்ளும் எல்லை ஒன்று, அதிகபட்சமாக விட்டுக்கொடுக்கும் எல்லை ஒன்று என்று இரண்டு கோடுகளாகவே போட்டுக் காட்டினார்கள். இன்றும் புதிதாக ஒரு புரத வடிவம் வந்தால் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறார்கள்.

சலுகை எவ்வளவு என்று அன்று அவர்களால் எழுத முடிந்தது. விநாடியில் பதில் தரும் கணினியை வைத்துக்கொண்டு இன்று எழுத முடியாது என்றால், குறை அல்காரிதத்தில் இல்லை.